கோத்தகிரி பின்கோடு 643217: பகா எண் மட்டும்தானா?

வாசகர் கேள்வி, ஜூன் 9

பார்சல் மேல் முகவரி எழுதும்போது கண்ணில் பட்டது. 643217 எதாலும் வகுபடாது போலிருக்கிறது. 3, 7, 11, 13 வரை பார்த்துவிட்டேன். இது பகா எண்ணா? அப்படியென்றால் நீலகிரியில் வேறு எந்த ஊருக்கு இந்தப் பெருமை இருக்கிறது? எங்கள் குன்னூருக்கு உண்டா?

ஜூன் 9, இரவு

பகா எண்தான். மழையில் கரண்ட் போய்விட்டது, டியூஷன் பசங்களும் வரவில்லை, உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 802² = 643204. நம் எண் அதைவிட 13 கூட. ஆக 802 வரை பார்க்க வேண்டும். அதற்குள் 139 பகா எண்கள் இருக்கின்றன.

ஆனால் ஆறு இலக்க எண்ணை ஒவ்வொரு தடவையும் வகுக்க வேண்டியதில்லை. 643217 = 802² + 13 என்று எழுதிக்கொண்டால், 802ஐ வகுத்து வரும் மீதியை வர்க்கமாக்கி 13 கூட்டினால் வேலை முடிந்தது. 89ஐ எடுங்கள். 802 = 9 × 89 + 1. மீதி 1, அதன் வர்க்கம் 1, கூட்டினால் 14. வகுபடாது. 401 இன்னும் சுலபம், 802 அதன் இரு மடங்கு, மீதி 13. பெரும்பாலும் மனக்கணக்கிலேயே ஓடிவிடும். 137க்கும் 313க்கும் மீதி வெறும் 2, அங்கே மட்டும் கொஞ்சம் நெஞ்சு படபடத்தது.

ஜூன் 10, காலை

குன்னூர்க்காரருக்கு வருத்தமான செய்தி. 643101இன் இலக்கங்களைக் கூட்டினால் 15, எனவே 3ஆல் வகுபடும். முழுதாகப் பிரித்தால் 3 × 47 × 4561.

ஊட்டியும் தப்பவில்லை. 643001 = 61 × 83 × 127. பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும், 61 வரை போனால்தான் உடையும்.

இரண்டுமே மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல். இந்த வகைக்கு ஸ்பீனிக் எண் என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பத்து லட்சத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த வகைதான்.

அதே கண்ணோடு கோத்தகிரியையும் பார்க்க வேண்டும். ஆறு லட்சத்துச் சொச்சத்தில் சுமாராக 13 எண்ணுக்கு ஒன்று பகா எண். 643 என்று தொடங்கும் ஆயிரம் எண்களில் 75 அளவில் தேறும். பெருமைதான், ஆனால் வீட்டு வாசலில் தோரணம் கட்டும் அளவுக்கு இல்லை.

ஜூன் 10, மதியம்

கேத்தி: 643215 = 3 × 5 × 137 × 313. கோத்தகிரி எண்ணைவிட இரண்டு குறைவு. நேற்று 137க்கும் 313க்கும் மீதி 2 வந்ததன் காரணம் இதுதான்.

ஜூன் 12

“மகிழ்ச்சி எண் பார்த்தீர்களா?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும், வரும் விடையிலும் அதையே செய்ய வேண்டும். கடைசியில் 1இல் வந்து நின்றால் மகிழ்ச்சி எண். இல்லாவிட்டால் 4, 16, 37, 58, 89, 145, 42, 20 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

கோத்தகிரி: 115, 27, 53, 34, 25, 29, 85, 89. போச்சு. ஊட்டி சோகம். குன்னூர் சோகம். வெலிங்டன் 643231, அதுவும் சோகம். கேத்தி மட்டும் 91, 82, 68, 100, 1. கேத்திக்காரர்கள் ஒரு டீ வாங்கித் தரலாம்.

விளையாட்டுக்குச் சரி. ஆனால் இதை எண்ணின் குணம் என்று நான் எண்ணமாட்டேன். பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களால், எழுதுவதால் வரும் குணம் இது. எட்டடிமானத்தில் எழுதினால் வேறு இலக்கங்கள், வேறு கதை. பகா எண்ணாக இருப்பது அப்படியில்லை, எந்த அடிமானத்தில் எழுதினாலும் பகா எண் பகா எண்தான். இனி வரும் பட்டங்களை இந்தச் சல்லடையில் போட்டுச் சலிக்கலாம்.

ஜூன் 13

கூடலூர் 643212 = 2² × 3² × 17 × 1051. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 1079964. எண்ணைவிடக் கூட்டுத்தொகை பெரிது, ஆகவே மிகை எண். 6இன் மடங்கு எதுவானாலும் (6ஐத் தவிர) மிகை எண்தான் என்பதால் இதிலும் பெரிய விசேஷம் இல்லை. அடிமானச் சல்லடையில் தேறும், அரிதா என்ற சல்லடையில் தேறாது.

ஜூன் 15, இரவு

இதற்காகத்தான் இந்த இழையை மறுபடி திறந்தேன்.

643217ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக, ஒரே ஒரு வழியில் எழுத முடியும். 1640இல் ஃபெர்மா சொன்னது, நிரூபித்தது ஆய்லர். முடியும் என்று தேற்றம் சொல்லும், எந்த இரண்டு எண் என்று சொல்லாது. தேடத்தான் வேண்டும்.

தேடுவதற்கு வழி உண்டு. கடைசி இலக்கம் 7. வர்க்கங்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும். இவற்றில் கூட்டினால் 7 தருவது 1உம் 6உம் மட்டும். எனவே ஒற்றைப்படை எண் 1 அல்லது 9இல் முடிய வேண்டும், இரட்டைப்படை எண் 4 அல்லது 6இல். அடுத்து, நம் எண்ணை 16ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் இரட்டைப்படை எண் 4இன் மடங்கு, ஒற்றைப்படை எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் 40 எண்களுக்கு நான்குதான் மிஞ்சும்: 1, 9, 31, 39, அப்புறம் 41, 49, 71, 79 என்று. நம் எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே 3இன் மடங்குகளையும் தள்ளிவிடலாம்.

41, 49, 71 எதுவும் பொருந்தவில்லை. 121 இல்லை. 161 இல்லை. 169 போட்டேன். 169² = 28561. 643217இல் கழித்தால் 614656. அதன் வர்க்கமூலம் சரியாக 784.

643217 = 169² + 784².

இதை எழுதிவிட்டுப் படுக்கப் போகலாம் என்று நோட்டை மூடும்போதுதான் உறைத்தது. 169 என்பது 13². 784 என்பது 28². அதாவது

643217 = 13⁴ + 28⁴.

இரண்டு நான்காம் அடுக்குகளின் கூட்டல், அதிலும் பகா எண். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16

ராத்திரி எழுதியது பரவசத்தில். காலையில் அதே கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும்: எவ்வளவு அரிது?

இதை எண்ணிவிடலாம். 31⁴ = 923521, 32⁴ பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக 1 முதல் 31 வரையிலான எண்களின் ஜோடிகளைப் பார்த்தால் போதும். பெரிய எண் 26 வரை இருந்தால் எல்லா ஜோடியும் உள்ளே வரும், அது 351. 27க்கு 26, 28க்கு 24, 29க்கு 23, 30க்கு 20, 31க்கு 16. மொத்தம் 460.

பத்து லட்சத்துக்குள் பகா எண்கள் 78,498. இந்த வகை 460. 643 என்று தொடங்கும் ஆயிரம் எண்களில் இந்த வகைக்கு உரியது ஒன்றே ஒன்று, அது 643217.

இப்போது தோரணம் கட்டலாம்.

ஜூன் 18

கொடைக்கானலிலிருந்து ஒரு தம்பி எழுதுகிறார்: “எங்கள் 624101ஐப் பாருங்கள் அண்ணா. 790² = 624100. ஆக 624101 = 790² + 1. x² + 1ஐக் காரணிப்படுத்த முடியாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எனவே இது பகா எண்.”

முதல் பாதி அருமை, எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் பாதி சரியில்லை தம்பி. x² + 1 என்ற கோவை காரணியாகப் பிரியாது. அதில் x இடத்தில் ஒரு எண்ணைப் போட்டால் வருவது பிரியலாம். 3² + 1 = 10, அது 2 × 5. அவ்வளவுதான்.

624101 பிரியும். எப்படி என்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இதை வர்க்கங்களின் கூட்டலாக இன்னொரு வழியிலும் எழுதலாம்:

624101 = 790² + 1² = 650² + 449².

இரண்டு வழி என்றாலே பகா எண் இல்லை என்று ஆகிவிட்டது. அதோடு நிற்காமல் காரணியையும் இதிலிருந்தே பிடுங்கலாம், ஆய்லர் காட்டிய வழி. 790 − 650 = 140. 449 − 1 = 448. இரண்டுக்கும் பொதுவான பெரிய வகுத்தி 28. 140 = 28 × 5, 448 = 28 × 16. இப்போது 5² + 16² = 281. வகுத்துப் பாருங்கள்: 624101 = 281 × 2221. இரண்டும் பகா எண்கள். 2221 = 45² + 14².

எதிர்ப்பக்கமாகவும் போகலாம். (5² + 16²) × (14² + 45²) என்ற பெருக்கலை இரண்டு விதமாக வர்க்கக் கூட்டலாக மாற்றும் சூத்திரம் 7ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தரிடம் இருக்கிறது. 790, 1 ஒரு விதம். 650, 449 இன்னொரு விதம்.

ஜூன் 18, சற்று நேரம் கழித்து

கொடைக்கானல் தம்பி கோபித்துக்கொண்டார் போல. அரிதா என்று கேட்டால், ஆம். பத்து லட்சத்துக்குள் n² + 1 வகை எண்கள் 999. 624 தொடரில் இது ஒன்றுதான். 789² + 1 = 622522, 791² + 1 = 625682, இரண்டும் வெளியே போய்விடுகின்றன. கோத்தகிரி வகையைவிட இரண்டு மடங்கு சாதாரணம் என்று சொன்னால் மலைச் சண்டை வரும். சொல்லவில்லை.

ஜூன் 19

தம்பியைச் சமாதானப்படுத்த இன்னொன்று. n² + 1 வடிவில் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா? 1912இல் லாண்டாவ் முன்வைத்த நான்கு கேள்விகளில் ஒன்று, இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 1978இல் இவானியெட்ஸ் கிட்டே வந்தார்: n² + 1 வடிவில் அதிகபட்சம் இரண்டு பகா எண்களின் பெருக்கலாக இருப்பவை முடிவில்லாதவை. கொடைக்கானல் எண் அந்தக் கூட்டத்தில் உட்காருகிறது, 281 × 2221.

கோத்தகிரிக்கும் இடம் உண்டு. 1998இல் ஃபிரீட்லாண்டரும் அதே இவானியெட்ஸும் x² + y⁴ வடிவில் பகா எண்கள் முடிவில்லாதவை என்று நிரூபித்தார்கள். 643217 = 169² + 28⁴. 2017இல் ஹீத்-பிரவுனும் சியானான் லீயும் இன்னும் இறுக்கினார்கள், நான்காம் அடுக்கில் இருக்கும் எண்ணே பகா எண்ணாக இருந்தாலும் முடிவில்லைதான் என்று. 643217 = 784² + 13⁴, 13 பகா எண். இரண்டு தேற்றத்திலும் ஆள் இருக்கிறது. ஆனால் x⁴ + y⁴ வடிவில், அதாவது இரண்டுமே நான்காம் அடுக்காக, பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி.

டியூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், “இது பரீட்சைக்கு வருமா சார்?” என்றான். வராது. இருந்தாலும் எழுதிக்கொண்டான்.

ஜூன் 22

கோவைக்காரர் ஒருவர் கேலி செய்கிறார்: “மலைக்கு மட்டும்தான் கணக்கா? மேட்டுப்பாளையம் தாண்டிக் கீழே வாருங்கள்.”

வந்தேன். நீலகிரி 643, கோவை 641. இரண்டும் பகா எண்கள், வித்தியாசம் 2, ஆக இரட்டைப் பகா எண்கள். நடுவில் 642 பொள்ளாச்சி. பொள்ளாச்சியை வகுத்துத்தான் ஆக வேண்டும்: 2 × 3 × 107.

641க்கு உலகப் புகழ் உண்டு. 2³² + 1 பகா எண்ணாக இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். ஆய்லர் 1732இல் அதை உடைத்தார்: 2³² + 1 = 641 × 6700417. ஏன் வகுபடுகிறது என்பதற்கு ஒரு குட்டி விளக்கம் இருக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம். 641 = 5 × 2⁷ + 1. அதனால் 641ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இப்போது 641 = 5⁴ + 2⁴ என்பதையும் பாருங்கள். ஆக 5⁴ என்பது −2⁴. மாற்றிப் போட்டால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

கவனித்தீர்களா, 641 = 5⁴ + 2⁴. கோத்தகிரி எண்ணின் ஜாதிதான். கோவைக்காரருக்கு மூன்று இலக்கத்திலேயே கிடைத்துவிட்டது, நாங்கள் ஆறு இலக்கம் ஏற வேண்டியிருந்தது.

ஜூன் 23

“1729 மாதிரி 643217ஐயும் இரண்டு வழியில் எழுத முடியுமா?” முடியாது. பகா எண்ணாக இருப்பதால் வர்க்கக் கூட்டலாகவே ஒரு வழிதான். நான்காம் அடுக்கும் வர்க்கம்தானே.

அந்த டாக்ஸி எண் கதைக்கு (கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729 = 1³ + 12³ = 9³ + 10³) ஒரு வால் உண்டு, பலர் சொல்வதில்லை. 1729 பற்றி ராமானுஜன் சொன்னதும் ஹார்டி சும்மா இருக்கவில்லை, இதே கேள்விக்கு நான்காம் அடுக்கில் விடை தெரியுமா என்று கேட்டார். ராமானுஜன் யோசித்துவிட்டு, உடனே தோன்றும் உதாரணம் இல்லை, முதல் எண்ணே மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்றார். ஆய்லர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த எண் இது:

635318657 = 59⁴ + 158⁴ = 133⁴ + 134⁴.

இந்த வகையில் மிகச் சிறியதே இதுதான். அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம். பத்து லட்சத்துக்குள் நான் எண்ணிய 460இல் ஒரே எண் இரண்டு தரம் வராது என்பதற்கும் இதுவே சாட்சி.

அதைப் பிரித்தால் 41 × 113 × 241 × 569. நான்கையும் 8ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கிலும் மீதி 1.

ஜூன் 25

அந்த மீதி 1 தற்செயல் இல்லை. பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால், அந்தக் கூட்டலை வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் எதுவும் 8ஆல் வகுக்க மீதி 1 தரும். 13க்கும் 28க்கும் பொது வகுத்தி இல்லை. எனவே 643217க்கு 17, 41, 73, 89, 97 என்று இந்த வகைப் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 802 வரை இவை 30தான்.

முதல் ராத்திரி 139ஐயும் பார்த்தது வீணா என்று ஒருவர் கேட்டார். 13⁴ + 28⁴ என்று தெரிந்திருந்தால் 30தான். தெரியாதபோது எல்லாவற்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 27

தொட்டபெட்டா உயரம் 2637 மீட்டர், அதில் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. 2637 = 3² × 293 = 51² + 6². உண்டு, ஆனால் மீட்டரை அடியாக மாற்றினால் எல்லாம் போய்விடும். மலைக்கு அதில் சம்பந்தமில்லை.

“அப்படியென்றால் பின்கோடு மட்டும் என்ன? அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15இல் கொண்டுவந்த ஏற்பாடு. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்று தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் ஆபீஸ். கோத்தகிரிக்கு 217 விழுந்தது யாரோ போட்ட வரிசை.” இதுவும் ஒரு வாசகர்.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கோத்தகிரிக்கு இதனால் ஒன்றும் கூடவில்லை. எண்ணுக்கு மட்டும்தான். ஏதாவது ஒரு பெரிய எண்ணை எடுத்து இருபது பட்டம் ஒட்டுவது சுலபம், ஒட்டாத எண்ணே கிடையாது. எத்தனை எண்களுக்கு அதே பட்டம் பொருந்தும் என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், பாதிப் பட்டியல் உதிர்ந்துவிடும். 643217க்கு நான் வைத்துக்கொள்வது 13⁴ + 28⁴ ஒன்றைத்தான்.

ஜூலை 2

தமிழ்நாடு முழுக்கப் பார்க்கச் சொல்லிக் கேட்டவருக்கு. நம் பின்கோடுகள் 600இல் தொடங்கி 643இல் முடிகின்றன. 600000 முதல் 643999 வரையுள்ள 44,000 எண்களில் இரண்டு நான்காம் அடுக்குகளின் கூட்டல் 18தான். முதலாவது 611617 = 23⁴ + 24⁴. கடைசி நம் 643217. 614 தொடரில் மட்டும் ஐந்து. 624 தொடரில் இரண்டு, 624656உம் 624881உம். கொடைக்கானல் தம்பி கோபிக்க வேண்டாம், இரண்டும் 624101 இல்லை.

18இல் எட்டு இரட்டைப்படை, அவற்றை விட்டுவிடலாம். 636417 = 18⁴ + 27⁴, இரண்டுமே 9இன் மடங்கு, எனவே 9⁴ × 97. 617057 = 7⁴ + 28⁴ = 7⁴ × 257. இவையும் போச்சு. 614657 = 28⁴ + 1, பகா எண். மிச்சம் 611617, 614737, 615281, 621217, 624881, 629297. 8ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். கோவைக்காரர் மூன்று எடுத்துக்கொள்ளட்டும், குன்னூர்க்காரர் மூன்று.